மாங்காட்டு வீட்டில் என்ன குறை?

அன்புள்ள அருள்,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகனுக்குக் கடிதம் எழுதுகிற அம்மா இந்தச் சேக்காட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிரிக்காதே. நேரில் பேசிப் பார்த்தாயிற்று. நான் வாயைத் திறந்ததும் "மாத்திரை போட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு நீ எழுந்து போய்விடுகிறாய். அதனால் நீ ஆபீசுக்கும், மருமகள் ஸ்டெல்லா பூந்தமல்லிப் பள்ளிக்கூட வேலைக்கும், குழந்தை அதன் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். நாளைக்கு இதை உன் சாப்பாட்டுப் பையில் வைப்பேன். சாப்பிட்டு முடித்த பிறகு படி. முன்னால் படித்தால் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவருவாய், உன்னை எனக்குத் தெரியாதா?

மாங்காட்டு வீட்டை முதல்முதல் பார்த்துவிட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை உன் முகம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, கிழக்குப் பார்த்த வாசல், கிணற்றில் நல்ல தண்ணீர், பின்னால் துணி காயப்போட இடம் என்று வரிசையாகச் சொன்னாய். அடுத்த வாரம் வந்து, பக்கத்தில் குட்டை இருக்கிறது, மழைக்குத் தாங்குமா என்றாய். போய் அக்கம்பக்கத்தில் விசாரித்தாய். தாங்கும் என்றார்கள். பிறகு பத்திரத்தில் சந்தேகம் வந்தது. வக்கீல் படித்துவிட்டுச் சுத்தமாக இருக்கிறது என்றார். உடனே அந்த வக்கீல் மேலேயே உனக்குச் சந்தேகம். அப்புறம் தெரு குறுகல் என்றாய். வெள்ளிக்கிழமையானால் அம்மன் கோயில் கூட்டத்தில் பஸ் ஏற முடியாது என்றாய். நேற்று என்ன சொன்னாய் தெரியுமா? மொட்டைமாடிக்குப் போகிற படி அகலமாக இல்லையாம். டேய், படி அகலமில்லை என்று வீட்டை விட்டவன் எவனாவது உண்டா? வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொல்லியிருக்கிறார். வேறு ஆட்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம். நீயோ தட்டில் சோற்றைப் பிசைந்தபடி கையெழுத்துப் போடாமல் தப்பிக்க ஒரு காரணம் தேடிக்கொண்டிருக்கிறாய்.

முதல் வீடு வாங்குகிறவனுக்குப் பயம் வரத்தான் செய்யும். அதை நான் கேலி செய்யவில்லை. இருபது வருஷம் கட்ட வேண்டிய கடன், காலமெல்லாம் சம்பாதித்தது ஒரே கையெழுத்தில் போகிறது, நெஞ்சு படபடக்காவிட்டால்தான் டாக்டரிடம் போக வேண்டும். ஆனால் ரேஷன் கடையில் பில் எழுதிய காலத்தில் மனிதர்களைப் பற்றி நான் ஒன்று கற்றுக்கொண்டேன். அட்டையைத் தொலைத்தவர் நேராக வந்து "தொலைச்சிட்டேம்மா" என்று சொல்லிவிடுவார். அவர் பிரச்சினைக்கு வழி உண்டு. வேறு எதையோ மனதில் வைத்திருப்பவர்தான் எடை சரியில்லை, அரிசியில் கல், க்யூ நகரவில்லை என்று சுற்றிச் சுற்றி வருவார். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று சொல்வார். கடைசியில் பார்த்தால் அவர் வீட்டில் யாரோ ஆஸ்பத்திரியில் கிடப்பார்கள். பயத்திலும் அப்படி இரண்டு வகை இருக்கிறது. விசாரித்தால் தீர்ந்துபோகிற பயம் ஒன்று. விசாரிக்க விசாரிக்க வேறு வேஷம் போட்டுக்கொண்டு திரும்பி வருகிற பயம் இன்னொன்று. உன்னுடையது இரண்டாவது. இதை நான் இதற்கு முன்னால் இன்னொருவர் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

அம்பத்தூரில் நாம் இருந்த வீடு உனக்கு அரைகுறையாக ஞாபகம் இருக்கும். தொழிற்பேட்டை எஸ்டேட் பக்கம், ஒரு வாடகை வீட்டில் இரண்டு குடும்பம். முன்னறை உன் பெரியப்பாவுக்கு, பின்னறை நமக்கு, நடுவில் ஒரே சமையலறை. உன் தாத்தா சாகும்போது உன் அப்பாவுக்கு மீசைகூட முளைக்கவில்லை. அவரைப் படிக்க வைத்தது, தான் வேலை பார்த்த கம்பெனியிலேயே லேத்தில் சேர்த்துவிட்டது, என்னைப் பெண் பார்க்க வந்தது, எல்லாம் பெரியப்பாதான். கல்யாணமாகி நீ பிறந்த பிறகும் சம்பளக் கவரை அப்பா பிரிக்காமல்தான் அண்ணன் கையில் கொடுப்பார். அவர் வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார். அதில் ஒரு நாளும் குளறுபடி வந்ததில்லை. பெரியம்மாவும் நானும் அடுப்படியில் முட்டிக்கொண்டதுண்டு, ஆனால் அவர்களைக் கெட்டவர்கள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். இருந்தும் எனக்கென்று ஒரு வீடு வேண்டும் என்று ஆசை. என் அடுப்பில், எனக்குத் தோன்றிய நேரத்தில், யாரையும் கேட்காமல் ஒரு டம்ளர் காபி போட்டுக் குடிக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. இதையெல்லாம் ஒரு காரணம் என்று யாரிடம் சொல்ல முடியும்?

எண்பதுகள் பிறந்த புதிது. சேக்காட்டில் மனை பிரிக்கிறார்கள் என்று கடைக்கு வருகிற ஒருவர் சொல்லக் கேட்டு, உன் அப்பாவை இழுத்துக்கொண்டு வந்தேன். முள்ளுச்செடியும் வெள்ளைக் கல்லும் தவிர இங்கே ஒன்றும் இல்லை. புரோக்கர் ஒருவன் கையை வீசி வீசி இது தெரு, இது பார்க் என்று காட்டினான். உன் அப்பா கேட்ட முதல் கேள்வி, "மழ பேஞ்சா ஏரித் தண்ணி உள்ள வருமா?"

"ஏரி எங்கியோ அந்தாண்ட கீதுண்ணா. இம்மாந்தூரம் வர்றதுக்குத் தண்ணி இன்னா சைக்கிள்லயா வரும்?" என்றான் அவன்.

அவன் சொன்னதை நான் நம்பவில்லை. ஐப்பசி மழை அடித்து ஓய்ந்த மறுநாள் காலையில் இருவரும் ரயிலேறி வந்து பார்த்தோம். தெருவில் கணுக்கால் அளவுக்கு நின்ற தண்ணீர் எங்கள் கண்ணெதிரேயே வடிந்தது. நீயும் எங்கே வாங்கினாலும் மழை பெய்த மறுநாள் போய்ப் பார், வெயிலில் எல்லா இடமும் அழகாகத்தான் இருக்கும். அந்தப் பயம் அன்றோடு தீர்ந்தது. ஆனால் அப்பாவுக்கு அடுத்த பயம் வந்துவிட்டது. ஒரே மனையை இரண்டு பேருக்கு விற்றிருப்பார்களோ என்றார். பூந்தமல்லியில் ஒரு வக்கீலைப் பார்த்து, வில்லங்கம் போட்டுப் பார்த்து, பழைய பத்திரங்களை எல்லாம் படிக்க வைத்து, அதையும் தீர்த்தேன். பாம்பு வரும் என்றார். எங்கேதான் வரவில்லை என்றேன். கரண்டு வர வருஷக்கணக்காகும் என்றார். சிம்னி விளக்கில் படித்தவர்தானே நீங்கள் என்றேன். கடைசியில் ஒரு நாள், "செகண்ட் ஷிஃப்ட்டு முடிஞ்சி வரச்சொல்ல நாய் தொரத்துமே?" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவர் முகம் சுண்டிப் போயிருந்தது. பயந்த குழந்தையைப் போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம்தான் எனக்கு விஷயம் விளங்கியது. சனிக்கிழமை சாயங்காலம் பெரியப்பா வழக்கம்போல மசால் வடைப் பொட்டலத்தோடு வந்தார். பிரித்ததும் முதல் வடையைத் தம்பிக்குத்தான் கொடுப்பார். உனக்கும் அவர் பிள்ளைகளுக்கும்கூட அப்புறம்தான். அன்றும் கொடுத்தார். அப்பா வாயில் போட்டவர் மெல்லவில்லை. கண் கலங்கி, புரையேறினதுபோல இருமிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன்.

"அண்ணன்கிட்ட இன்னும் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"இன்னான்னு சொல்றது? உன்ன உட்டுட்டுப் போறேன்னா?" என்றார். "மொதல்ல பத்திரம் முடியட்டும். அப்பால சொல்லிக்கலாம்."

ஏரியும் இல்லை, பாம்பும் இல்லை, நாயும் இல்லை. அண்ணனிடம் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குத்தான் இவ்வளவு பயமும். அதை மட்டும் எந்த வக்கீலிடமும் காட்டிச் சரிபார்க்க முடியாது.

என் நகையையும் என் சம்பளத்தில் சேர்த்ததையும் வைத்துப் பத்திரம் முடிந்தது. பதிவு ஆபீசில் அவர் கை நடுங்கி, போட்ட கையெழுத்து ஒன்றுபோல் ஒன்று இல்லை. அங்கிருந்தவர் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துத் திரும்பப் போடச் சொன்னார். வீட்டுக்கு வந்து நான்கைந்து நாளாகியும் அவர் அண்ணனிடம் வாயைத் திறக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை, அவர்கள் அண்ணன் தம்பி விஷயம் என்று இருந்துவிட்டேன். அண்ணனிடம் சொல்ல முடியாதவர் கோயிலில் புனித அந்தோணியாரிடம் போய்ச் சொன்னார். மனை நல்லபடியாக முடிந்ததற்கு நன்றியாகச் செவ்வாய்க்கிழமை விடியற்காலைப் பூசைக்குக் காணிக்கையை, சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியாரிடம் கொடுத்துவிட்டு வந்தார். நம் கோயிலில் வழக்கம் உனக்குத் தெரியும்தானே, யார் எதற்காகப் பூசை கொடுத்தார்கள் என்று ஆரம்பத்திலேயே வாசிப்பார்கள். செவ்வாய்க்கிழமைப் பூசைக்கு வயசான அம்மாக்கள் நான்கு பேர்தான் வருவார்கள், அவர்களுக்கும் காது கேட்காது, அதனால் ஆபத்தில்லை என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். அந்த வாரம் பங்குச் சாமியார் தியானத்துக்குப் போய்விட்டார். நடுவாரப் பூசைகளை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிட்டார்கள். இவரிடம் யாரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கோயில் நிறைய ஜனம். உபதேசியார் மைக்கில் நல்ல கணீர்க் குரலில் வாசித்தார்: "சேக்காட்டில் புது மனை வாங்கியதற்கு நன்றியாக, அந்தோணிசாமி குடும்பத்தார்." நான் பெண்கள் பக்கம் இருந்தேன். எனக்கு முன்னால் பெரியம்மா சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். ஆண்கள் பக்கம் அண்ணனும் தம்பியும் அருகருகே நின்றிருந்தார்கள். உன் அப்பாவின் கழுத்து வியர்த்து வழிவது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. பெரியப்பா திரும்பவே இல்லை. பீடத்தைப் பார்த்தபடியே பூசை முழுக்க நின்றார். மற்றவர்கள் உட்கார்ந்தபோதும் அவர் நின்றுகொண்டிருந்தார், பின்னால் இருந்தவர் தட்டிச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் எஸ்டேட் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். "இன்னா அண்ணாத்தே, தம்பி எடம் வாங்கிகிறான், ஒரு வார்த்த சொல்லல? ஸ்வீட்டு எங்க?" என்று ஒருவர் பெரியப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். உன் அப்பா அங்கேயே உயிரை விட்டுவிடுவாரோ என்று இருந்தது எனக்கு. பெரியப்பா சிரித்தார். "நான்தான் சொல்லாத இருடான்னேன். ஊர்க் கண்ணு ஒண்ணு மாதிரியா கீது? பத்திரம் முடியட்டும்னு இருந்தோம்" என்றார். பக்கத்துக் கடையில் லட்டு வாங்கி வந்து அவரே எல்லோருக்கும் கொடுத்தார். தம்பிக்கும் ஒன்று கொடுத்தார், வேறு யாருக்கோ கொடுக்கிற மாதிரி, முகத்தைப் பார்க்காமல்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அப்பா வாசல்படியைத் தாண்டாமல் நின்றார். "அண்ணே" என்றார்.

"நான் உன்ன கட்டிப் போட்டாடா வெச்சிருந்தேன்?" என்றார் பெரியப்பா. கோபமே இல்லாத குரல். "சொல்லியிருந்தா நானும் கூட வந்து நின்னிருப்பேன் இல்ல? கையெழுத்துப் போடச்சொல்ல கை நடுங்கியிருக்கும் உனக்கு. எனக்குத் தெரியாதா?"

அப்பா அன்று அழுத மாதிரி அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பெரியப்பா அவரைத் தேற்றவில்லை. போய் முன்னறையில் படுத்துக்கொண்டார்.

சண்டை போட்டிருந்தால் தீர்ந்திருக்கும் அருள். அவர் சண்டை போடவே இல்லை. அந்த மாதம் அப்பா நீட்டிய சம்பளக் கவரை வாங்கவில்லை, "உன் குடும்பம் கீது, நீயே வெச்சிக்கோ" என்று சொல்லிவிட்டார். வீட்டைக் கட்டி முடித்து, சாமியார் வந்து ஆசீர்வதிக்கிற மந்திரிப்புக்குக் கூப்பிட்டபோது எல்லோருக்கும் முன்னால் வந்தார். வாசலுக்கு மேல் சிலுவையில் பாடுபட்ட சுரூபம் மாட்ட அவர்தான் ஆணி அடித்தார். நேராக இருக்கிறதா என்று தம்பியைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார். சாமியார் தீர்த்தம் தெளித்து முடித்ததும் சாப்பிட்டார், உன்னைத் தூக்கிக் கொஞ்சினார், கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் காலையில் வந்து மதியமே போய்விடுவார். ஒரு ராத்திரி தங்குங்கள் என்று உன் அப்பா எத்தனையோ கெஞ்சியிருக்கிறார். அவர் சாகும்வரை இந்த வீட்டில் ஒரு நாள் படுத்ததில்லை. அப்பாவுக்கு இந்த வீடு பிடிக்காமல் போகவில்லை. ஒவ்வொரு செங்கல்லையும் நேசித்தார். ஆனால் யாராவது வந்து நல்ல வீடு என்று புகழும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவார். ஏன் அப்பா இப்படி எழுந்து போகிறார் என்று நீ சின்ன வயதில் என்னைக் கேட்டிருக்கிறாய். உடம்புக்கு முடியவில்லை என்று நான் சொல்லியிருக்கிறேன். காரணம் இதுதான்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். மாங்காட்டு வீட்டில் நீ குட்டையைச் சொன்னாய், பத்திரத்தைச் சொன்னாய், தெருவைச் சொன்னாய், பஸ்ஸைச் சொன்னாய், படியைச் சொன்னாய். சொல்லாமல் விட்ட குறை ஒன்றே ஒன்று. அந்த வீட்டில் நான் இருக்க மாட்டேன்.

வாங்கி வாடகைக்கு விடப் போவதாக என்னிடம் சொன்னாய். பூந்தமல்லிப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வரவே ஸ்டெல்லாவுக்கு உயிர் போகிறது. மாங்காட்டிலிருந்து அவளுக்குப் பள்ளிக்கூடம் பக்கம்தான், ஒரே பஸ். அங்கே வீட்டை வாங்கி எவனுக்கோ வாடகைக்கு விட்டுவிட்டு இங்கிருந்து அவள் தினமும் இடிபட்டுப் போக நீ என்ன பைத்தியக்காரனா? எனக்கு இது தெரியாது என்று நினைத்தாயா? நீயும் என்னோடு வாம்மா என்று கேட்டால் நான் வரமாட்டேன் என்று உனக்குத் தெரியும். என் கோயில் இங்கே, உன் அப்பாவின் கல்லறை இங்கே, என் அடுப்பு இங்கே. வராவிட்டால் நீ இங்கேயே இரு என்று சொல்ல உனக்கு வாய் வராது. அதனால் பாவம், படிக்கட்டின் அகலத்தை அளந்துகொண்டிருக்கிறாய்.

நான் கல்நெஞ்சுக்காரி இல்லை. நீங்கள் போன பிறகு சாயங்காலம் ஆறு மணிக்கு இந்த வீடு எப்படி இருக்கும் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. குழந்தை சத்தம் இல்லாமல், உன் ஸ்கூட்டர் சத்தம் இல்லாமல். அதை மறைத்து எழுதினால் இந்தக் கடிதமே பொய்யாகிவிடும். ஆனால் இந்த வருத்தம் என்னுடையது, நான் பார்த்துக்கொள்வேன். முழங்கால் வலியைப் பார்த்துக்கொள்ளவில்லையா, சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளவில்லையா? என்னால் பார்த்துக்கொள்ள முடியாதது ஒன்று இருக்கிறது. இன்னும் இருபது வருஷம் கழித்து, இந்த மாங்காட்டு வீடு கைநழுவிப் போனதை நினைத்து நீ சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதும், அது என்னால்தான் என்று வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பதும். இல்லாவிட்டால் என்னிடம் சொல்லாமல் முடித்துவிட்டு, பிறகு வாழ்நாள் முழுக்க என் முகத்தைப் பார்க்க முடியாமல் தவிப்பது. உன் அப்பா அந்த இரண்டாவது வழியில் போனார். நல்ல மனிதர், அன்பான மனிதர். அதனால்தான் சொல்ல முடியவில்லை. அன்பு இருக்கிறவர்களுக்குத்தான் அந்த வாக்கியம் தொண்டையில் நிற்கிறது.

ஆகவே உன் பயத்தைச் சோதித்துப் பார். தண்ணீர், பத்திரம், கடன், இதில் எதிலாவது உண்மையிலேயே கோளாறு இருந்தால் வீட்டை விட்டுவிடு, வேறு வீடு கிடைக்கும், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் பயம் என்னைப் பற்றியது என்றால், என்னைக் காரணம் காட்டி ஒரு நல்ல வீட்டை விடாதே. அந்தப் பழியை என் தலையில் கட்டாதே.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்புவதற்கு முன்னால், ஸ்டெல்லாவையும் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து, "அம்மா, நாங்க மாங்காட்டுக்குப் போறோம்" என்று சொல். முன்னுரை எதுவும் வேண்டாம், மாத்திரை போட்டாயா என்று கேட்காதே, உடனே பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொள்ளாதே. நான் அழுவேன். அதற்காக முடிவை மாற்றாதே, வாயை மூடிக்கொண்டு நில். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வருகிறேன். வந்ததும் நான் கேட்கப்போகிற முதல் கேள்விக்குப் பதிலைத் தயாராக வைத்துக்கொள்: பத்திரப் பதிவு என்றைக்கு? கையெழுத்துப் போடும்போது உனக்குக் கை நடுங்கும். நான் பக்கத்தில் நிற்க வேண்டும்.

உன் அம்மா